மொட்டைத் தலைக்கு அளவெடுத்த கவுன்

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், எது எரிந்தாலும் என்னிடம் வரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுப்பது என் தொழில். என் வேலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. என் வாயைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் இல்லை. அடுத்தவர் சிரமப்பட்டுச் செய்வது எதைப் பார்த்தாலும் "இதென்ன பெரிய வித்தையா?" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வேன். அந்த வாய்தான் என்னைக் கொண்டுபோய்க் குரோஷா ஊசியில் மாட்டிவிட்டது.

குரோஷா என் வீட்டுக்காரியின் பொழுதுபோக்கு. முனையில் சின்னக் கொக்கி உள்ள ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னுவது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதியப் பொழுதை ஓட்ட அவள் தெருப் பெண்களோடு சேர்ந்து, பிளவுஸ் தைக்கும் கடை ஒன்றின் மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போனாள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் உடுப்பு இல்லாத சாமானே கிடையாது என்றாகிவிட்டது. டிவிக்கு ஒரு விரிப்பு, மிக்ஸிக்கு ஒரு மூடி, தண்ணீர் கேனுக்கு ஒரு சட்டை. நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எனக்கும் ஒன்று மாட்டிவிடுவாய் என்று கேலி பேசுவேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அப்புறம் வகுப்பில் பாப்கார்ன் ஸ்டிச் வந்தது. அதில் அவள் தடுக்கி விழுந்தாள். தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். போடுவாள், பிரிப்பாள், "சனியன்" என்பாள், மறுபடி போடுவாள். ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்த கடுப்பில், பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன பெரிய வித்தையா? கம்பியைச் சுத்துறவனுக்கு நூலு ஒரு கணக்கா?" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசியையும் நூலையும் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"இந்தாங்க. போட்டுக் காட்டுங்க. காட்டிட்டுச் சாப்பிட வாங்க."

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகான பின்னல்தான். தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் துணியில் அங்கங்கே பொரி ஒட்டிவைத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் புடைத்து நிற்கும். அதற்கு ஒரே துளைக்குள் ஐந்து நெட்டைக் கண்ணிகளை வரிசையாகப் போட வேண்டும். போட்டதும் ஊசியை மொத்தமாக வெளியே உருவிவிட வேண்டும். கடைசிக் கண்ணி பிடிப்பில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அப்போது ஊசியை ஐந்தில் முதலாவதன் தலைக்குள் முன்பக்கமாக நுழைத்து, அந்த அநாதைக் கண்ணியைப் பிடித்து, அதன் வழியே இழுக்க வேண்டும். ஐந்தும் ஒன்றாகக் கூனிக் குறுகி உருண்டையாகிவிடும்.

என்னால் முடியாமல் போனது அந்த ஊசியை உருவிவிடும் இடத்தில். காயில் கட்டுகிறவன் கம்பி முனையைக் கையிலிருந்து விடவே மாட்டான். விட்டால் சுற்றிய அத்தனையும் தளர்ந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழகிய கைக்கு அந்தப் பயம் ஊறிப் போயிருந்தது. ஊசியை வெளியே எடுத்த நொடியில் இடது கை தானாக நூலைச் சுண்டி இழுத்துவிடும். கண்ணி ஓடிப் போய்விடும். அன்றைக்கு ஒரு பாப்கார்ன்கூட வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்தை ஊற்றும்போது அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. அவள் வகுப்புக்குப் போன நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டு வந்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பழகினேன். ஒருவழியாக உருண்டை வந்தது. ஒரு கைக்குட்டை அளவுக்குப் போட்டு அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன இது, பாதி இங்குட்டு நிக்குது, பாதி அங்குட்டு நிக்குது? ரெண்டு பக்கமும் சண்டைக்குப் போகுதா?"

ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசை போகும்போது ஊசியைப் பின்பக்கமிருந்து நுழைக்க வேண்டுமாம். அதை நான் கவனிக்கவில்லை. ஒரு வரிசை உருண்டை வெளியே பார்த்தது, மறு வரிசை உள்ளே பார்த்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த உருண்டை மட்டும் எப்படி இம்புட்டு அழுத்தமா வந்துச்சு? எனக்குச் சொல்லுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

வெட்கம்தான் முழுக்க. கையில் ஊசி இருக்கும்போது வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், நூலுருண்டையின் மேலேயே உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து அரசியல் பேசிய நாளில் ஊசி தொடையில் குத்திக்கொண்டே இருந்தது; அவர் எழுந்து போகும்வரை அசையவில்லை. ஏன் அத்தனை பயம் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாது. ஒயர் கூடை பின்னும் ஆம்பளையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வலை பின்னுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ரோஸ் கலர் நூலும் பூவேலையும் என்றால் மட்டும் என் முகம் சூடாகிவிடும்.

கரண்ட் இல்லாத நேரங்களில் கடையிலும் போட ஆரம்பித்தேன். ஒருநாள் சாக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டார். அவருடைய மோட்டார் மேஜைமேல் பிரித்துக் கிடந்தது. அதன்மேல் என் ரோஸ் நூல்.

"இதென்ன தம்பி, புது இன்சுலேசனா?"

"ஆமாண்ணே" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவர் ஒரு பாப்கார்னை விரலால் அமுக்கிப் பார்த்தார். "நல்லா மெத்துன்னு இருக்கே. சூடு தாங்குமா?"

"தாங்கும்ணே."

"அப்ப எனக்கும் இதையே வச்சுக் கட்டிருங்க. போன தடவ வச்சது சீக்கிரம் கருகிப்போச்சு."

அவர் பயிர் வாடுகிற கவலையில் நிற்கிறார். நான் அவரிடம் ரோஸ் நூலைக் காட்டிக் கதை விட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் போன பிறகு வெகுநேரம் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கவில்லை. மோட்டாரை வழக்கமான இன்சுலேசன் காகிதம் வைத்து, வழக்கத்தைவிடக் கவனமாகக் கட்டிக் கொடுத்தேன். அதைக் கொண்டு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த நாளில்தான் தங்கையிடமிருந்து போன் வந்தது. அவளைத் திருப்பத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பெண்குழந்தை. அந்தப் பக்கத்துக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் காது குத்துவது என்றால் தாய்மாமன் மடிதான். முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசி, மாமன் கொண்டுவந்த புதுத்துணியை உடுத்தி, மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி காதில் கம்பியை ஏற்றுவார். அப்பா அன்றைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தங்கைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன். எனக்கோ என் மடியில் உட்கார வேறு பிள்ளை கிடையாது.

சீர்த்தட்டில் வைக்க வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரி பட்டியல் போட்டுச் சொன்னாள். கொலுசு, தோடு, பட்டுப்பாவாடை, பழம், பலகாரம். எல்லாம் கடையில் கிடைப்பது. யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். என் மருமகள் அன்று உடுத்துவது என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பேராசை என்றே சொல்லலாம். கழுத்தைச் சுற்றிப் பாப்கார்ன் வைத்த ரோஸ் கலர் கவுன். அதைப் போட்டுக்கொண்டு அவள் என் மடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

தங்கை குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவளின் தலையை, கவுனின் கழுத்து அதன் வழியே இறங்க வேண்டுமே என்று, நூலால் சுற்றி அளந்தேன். பிறந்த முடி, அடர்ந்த காடு. அப்போது என் புத்தி வேலை செய்தது. காது குத்தும்போது இந்த முடி இருக்காது. மொட்டைத் தலைக்குத்தான் கவுன் மாட்டப் போகிறோம். முடிக்கு என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டால் கழுத்து அளவாக, தொளதொள என்று இல்லாமல் நிற்கும். கழித்துவிட்டு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இப்படி ஒரு கணக்கை வேறு யார் போட்டிருப்பார்கள் என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன்.

வீடியோவில் காட்டிய கவுனுக்கு முதுகுப் பக்கம் திறப்பும் பொத்தானும் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. பொத்தானைப் பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். திறப்பு வைப்பது வேலை தெரியாதவன் செய்வது. கீழே பாவாடை விளிம்பில் ஆரம்பித்து, கைக்கு இடம் விட்டு, மேலே ஒரே சுற்றாகச் சேர்த்து, எங்குமே வெட்டு இல்லாமல் கழுத்தில் கொண்டுபோய் முடித்தேன். சுற்றிச் சுற்றிப் போனதால் உருண்டைகள் எல்லாம் வெளிப்பக்கமே பார்த்தன. பின்னி முடித்த நூல் முனையின் முடிச்சை இடது தோளில் ஒரு பாப்கார்னின் வயிற்றுக்குள் தள்ளி மறைத்தேன். அது இருக்கும் இடம் எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரி கவுனைக் கையில் எடுத்துக் கழுத்தை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஏங்க, நூல இப்படியா முறுக்கி வச்சிருக்கீக? இது என்ன மோட்டாரா? பிள்ளைத் துணின்னா விட்டுப் புடிச்சுப் போடணும். பாப்கார்னு வேற வச்சா துணி ஒட்டிச் சுருங்கும்னு சொல்லிக் குடுக்குற அக்கா வகுப்புல சொல்லுச்சு."

"மொட்டைத் தலைக்கு இது போதும்."

"மொட்டை போட்டா முடிதான் போகும். மண்டையுமா போகும்?"

"உனக்கு வரலைங்கிற பொறாமை."

அவள் கவுனை மடித்துப் பட்டுப்பாவாடைக்கு மேலே வைத்தாள். கிளம்பும் அன்று காலையில் நான் மெதுவாக அவளிடம் போய், அங்கே யாராவது கேட்டால் இதை நீ போட்டதாகச் சொல்லிவிடு என்றேன். அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே, "நான் எதுக்குச் சொல்லணும்? நான் போட்டிருந்தா கழுத்து எறங்கும்" என்றாள். ஆக, கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொள்வதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். கிடாய் வெட்டிச் சமையல் ஒருபக்கம் நடந்துகொண்டிருந்தது. குழாய் ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. சீர்த்தட்டுகளைச் சாமி முன்னால் வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கம் மாமன் சீரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டார்கள். பட்டுப்பாவாடையை யாரும் சீந்தவில்லை. எல்லோரும் கவுனைத்தான் எடுத்தார்கள். தங்கையின் மாமியார் உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"என்ன அழகா இருக்கு! எங்க வாங்குனது தம்பி?"

"மதுரைல அத்தே. கடையில."

என் வீட்டுக்காரி வெற்றிலைத் தட்டைச் சரி செய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, கையை. நூல் ஓடி ஓடி ஆட்காட்டி விரலில் ஒரு கோடு விழுந்திருந்தது. கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

முடி இறங்கியது. நான் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக, முடி போனதும் பிள்ளையின் தலை சிறுக்கவில்லை. முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. குளிப்பாட்டிச் சந்தனத்தை வேறு அப்பினார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பட்டுப்பாவாடையைப் போடுங்கள் என்று. பட்டுப்பாவாடையை விட்டுவிட்டுக் கவுனைப் புகழ்ந்த அந்தப் புகழ்ச்சி என் வாயைக் கட்டிவிட்டது. குழந்தையின் அத்தை, அதாவது மச்சானின் அக்கா, கவுனைக் கையில் எடுத்து, "மாமன் கொண்டாந்தது" என்று உயர்த்திக் காட்டிவிட்டு மாட்டினார்.

கவுனின் பாவாடைப் பகுதி இறங்கியது. உடம்பு இறங்கியது. கழுத்து வந்து நெற்றியில் நின்றது.

"தள்ளு, தள்ளு, லேசா தள்ளு" என்றார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கிக் கண்ணுக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை. மேலே இழுத்தார்கள். கழுத்து விளிம்பு காது மடலில் மாட்டிக்கொண்டது. சந்தனம் நூலில் ஏறி ஒட்டிக்கொண்டது. ரோஸ் துணிக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டது. நான் பின்னிய துணிக்குள் என் மருமகள் மூச்சுத் திணறுகிறாள் என்று நினைத்தபோது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னல் இடைவெளியில் காற்றுப் போகும் என்று தெரியும். தெரிந்து என்ன, கத்துகிறாளே. வீடியோ எடுக்கிறவர் கிட்டே வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நேரம் போகுது" என்றார் ஆசாரி.

"கத்திரியக் கொண்டாங்கடி. கடத்துணிதானே, வெட்டிப் போடு" என்றார் மச்சானின் அக்கா.

கத்திரி வந்துவிட்டது. பூ வெட்டுகிற பெரிய கத்திரி. அதன் நுனி அந்த மொட்டைத் தலையை ஒட்டி உள்ளே போவதற்கு இடம் தேடியது. பிள்ளை தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டியது.

"வெட்டாதீக!" என்று கத்தினேன். "கத்திரி படும். இருங்க. நான் பிரிச்சு விடுறேன்."

"நீங்க எப்படித் தம்பி பிரிப்பீக?" என்றார் தங்கையின் மாமியார்.

"அத்தே... அது நான் போட்டதுதான்."

குழாய் ஸ்பீக்கரில் பாட்டு அப்போதுதான் முடிந்திருக்க வேண்டுமா? நான் சொன்னது பந்தி போடுகிற இடம்வரை கேட்டது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சிரிப்பும் வந்துவிட்டது. "மச்சான், மோட்டாருக்கும் கவுன் மாட்டித்தான் அனுப்புறீகளா?" என்றார் மச்சான். அவர் கெட்டவர் இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

முட்டி போட்டு உட்கார்ந்து இடது தோளில் முடிச்சைத் தேடினேன். கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தனை கெட்டிக்காரத்தனமாக மறைத்திருந்தேன். மோட்டார் வார்னிஷ் ஏறித் தடித்த என் நகம் எந்த உருண்டைக்குள்ளும் நுழையவில்லை. என் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் இருந்த கொண்டை ஊசியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

முடிச்சு சிக்கியது. பல்லால் கடித்து அவிழ்த்து நூலை இழுத்தேன். நான் அத்தனை நாள் பாடுபட்டுப் போட்ட பாப்கார்ன்கள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்துகொண்டு நூலாகிப் போயின. கழுத்துச் சுற்றுகள் முழுக்கப் பிரிந்ததும் தலை வெளியே வந்தது. மூக்கு ஒழுகி, கண் சிவந்து, உதட்டில் ரோஸ் இழை ஒட்டிக்கொண்டு வந்த முகம் முதலில் பார்த்தது என்னை. பார்த்ததும் முன்னைவிடப் பெரிதாக அலறியது. நான் கையை நீட்டினேன். தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டது.

"பிள்ள பயந்துருச்சு" என்றார் தங்கையின் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். "ஒங்க சித்தப்பா மகன் இருக்காருல்ல? அவரும் மாமன் முறைதானே. இன்னைக்கு அவரு மடியில வச்சுக்குவோம்."

என் சித்தப்பா மகன் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. கூப்பிட்டார்கள், வந்தான். நான் எழுந்து நின்றேன். அவிழ்ந்த கவுனின் நூல் என் கையிலும் கவுன் பிள்ளை உடம்பிலுமாக இருந்தது. விட்டுவிட்டு நகர்ந்தால் கண்ணி ஓடி இடுப்புவரை பிரிந்துவிடும். நகரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் ஒருவனுக்கென்று இருந்த இடத்தை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று தோன்றியது.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் தங்கை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா மகன் நின்றுவிட்டான். "எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும். அழுதா அழுகட்டும். எந்தப் பிள்ள அழுகாமக் காது குத்திருக்கு? நீ உக்காருண்ணே."

"அந்தத் துணிய மாத்திட்டுப் பட்டப் போடு" என்றார் மச்சானின் அக்கா.

"இதே இருக்கட்டும் அண்ணி."

உட்கார்ந்தேன். தங்கை பிள்ளையை என் மடியில் இறக்கினாள். பிள்ளை உதைத்தது, முதுகை வில்லாக வளைத்தது. நான் ஒரு கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பிரிந்துபோய்க்கொண்டிருந்த கவுனின் கடைசிக் கண்ணிக்குள் மறு கையின் ஆட்காட்டி விரலை விட்டுக்கொண்டேன், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. தங்கை என் முன்னால் மண்டியிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்தாள். எங்கள் தலைகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"கடையில வாங்குனதுன்னு ஏண்ணே சொன்னே?"

நான் ஆசாரியின் கம்பியைப் பார்த்தேன்.

"நான் அந்தக் கவுனத் தொட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன். இப்படி இறுக்கிக் கட்டுற ஆளு வேற யாரு இருக்கா? நீயாச் சொல்லுவேன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"யாரப் பாத்து?"

இத்தனை கூட்டத்தில் நான் வெட்கப்பட வேண்டிய ஒரு முகத்தைத் தேடினேன். சிரித்தவர்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டு ஆசாரியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைக்கு அண்ணன் ஆசையாகச் செய்ததை அண்ணனே தன் வேலை இல்லை என்று மறுத்ததைக் காதால் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் என் மடியில் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தவள். அவளைப் பார்த்துத்தான் எனக்கு அப்போது வெட்கம் வந்தது.

ஆசாரி கம்பியை ஏற்றினார். பிள்ளை அலறியது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு விரலில் கண்ணி.

"பாருங்க, மருமகளுக்கு வலிக்குதுன்னு மாமன் அழுகுறத" என்றார் தங்கையின் மாமியார் நெகிழ்ந்துபோய். வீடியோக்காரர் என் முகத்துக்குக் கிட்டே வந்தார். சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ என் தோளைத் தட்டி, பாசம்னா இப்படியில்ல இருக்கணும் என்றார்கள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.